எழுநூற்றுப் பன்னிரண்டாவது வரி

கடலூர் முதுநகரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
மீனவர் சங்கத்தின் சர்வர்
மேஜைக்கடியில் கிடக்கிறது.
மூளை ஜாவா.
நரம்பெல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு,
தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிகள்.
எழுதிய தணிகாசலம்
மஸ்கட்டில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை.

பீன் என்றதும்
செயலாளர் மாசிலாமணி
அவரையா மொச்சையா என்று கேட்டார்.
நிஜமாகவே கேட்டார்.
"எதையும் தேடிப் போகாத ஆள் அண்ணே அது.
ஐஸ் வேணும்னு மட்டும் சொல்லும்.
எந்தக் கம்பெனி ஐஸ்னு
இந்தக் கோப்புல எழுதியிருக்கும்.
கொண்டுவந்து கையில வைப்பாங்க."
"குடுத்து வெச்சது" என்றார்.
"நாங்க டீசலுக்கே நாலு எடம் அலையறோம்."

அலைகிற நிரல்களும் உண்டு.
நியூ நியூ என்று
வேண்டியதைத் தாமே உள்ளுக்குள் செய்துகொள்பவை.
ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்ட
நெஞ்சைத் திறக்க வேண்டிவரும்.
தணிகாசலத்தின் வகுப்புகள் யார் பெயரையும் சொல்வதில்லை.
ஆளுக்கொரு செட்டர்,
பந்தியில் விரித்த இலை போல.
பரிமாறுவது யாரென்று
இலைக்குத் தெரியாது.

கார்த்திகை இருபத்திரண்டு.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
நானூற்றுப் பன்னிரண்டு படகுக்கும் செய்தி தட்டினேன்.
அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது
என்று பச்சையில் ஓடியது திரை.
மாசிலாமணி சட்டைப்பையிலிருந்து
பட்டன் போனை எடுத்து மேஜையில் வைத்தார்.
"எனக்கு வரலியேம்மா."

அத்தனையும் ஒரு லாக் கோப்பில் விழுந்து கிடந்தன.
திரும்பு, கரைக்கு வா,
திரும்பு, கரைக்கு வா.
சொத்திக்குப்பம் படகு பதினேழு
இன்னும் வெளியே.

எழுநூற்றுப் பன்னிரண்டாவது வரி.
அறிவிப்பாளர் என்றொரு பீன்,
அதற்கு அனுப்பி என்றொரு ப்ராப்பர்டி,
ரெஃப்: சோதனை அனுப்பி.
மேலே தணிகாசலத்தின் குறிப்பு:
நாளை மறக்காமல் மாற்றவும்.
தேதி, அவர் விமானம் ஏறியதற்கு முந்தின நாள்.

ஒரு சொல்தான்.
ஒரு வகுப்பையும் தொட வேண்டாம், கம்பைல் வேண்டாம்.
மாற்றிச் சேமித்துச் சர்வரை எழுப்பினேன்.
அப்படியொரு பீன் இல்லை என்று
இருநூறு வரிக்கு அலறியது.
'அனுப்பி'யில் ஒரு ப் விட்டிருக்கிறேன்.
கம்பைலருக்கு இது வெறும் எழுத்து,
பிழை இருந்தாலும் கிளம்பும்போதுதான் தெரியும்
ஓட்டை வள்ளம் மாதிரி.
யுபிஎஸ் கத்தத் தொடங்கியிருந்தது.
உப்பனாற்றுப் பக்கம் எங்கோ
தகரம் பறக்கிற சத்தம்.
ப் போட்டேன்.

ஒவ்வொன்றாக எழுந்தன.
தரவுத்தள இணைப்பு,
படகுப் பட்டியல்,
நிஜ அனுப்பி,
அதைக் கையில் வாங்கிக்கொண்டு அறிவிப்பாளர்.
யுபிஎஸ்ஸில் ஒரு கோடு மிச்சம்.

மேஜைமேல் போன் துடித்து
விளிம்பு வரைக்கும் நகர்ந்தது.
மாசிலாமணி அதைப் பிடித்து
எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார்,
திரும்பு, கரைக்கு வா,
ஏற்கெனவே கரையில் இருக்கிற மனுஷன்.
பிறகு தேவனாம்பட்டினத்துக்கு ஒரு போன்,
சொத்திக்குப்பத்துக்கு ஒன்று,
ராசாப்பேட்டைக்கு ஒன்று.
"வந்துச்சா? வந்துச்சா?"

விடிகாலை பதினேழில் பதினாறு என்றார்கள்.
ஏழு மணிக்குப் பதினேழாவது,
இன்ஜின் செத்து, இன்னொரு படகு இழுத்து.

டீ குடிக்கும்போது கேட்டார்:
"அந்தச் சோதனை ஆளு என்ன ஆனான்?"
கோப்பிலேயே இருக்கிறது அண்ணே.
யாரும் கூப்பிடுவதில்லை.
ஆனாலும் சிங்கிள்டன்,
சர்வர் எழும்போதெல்லாம்
தானும் எழுந்து குளித்து உட்கார்ந்திருக்கும்.
"பாவம்" என்றார்.

திரும்பப் படியேறி
அதற்கு லேசி என்று ஒரு சொல் சேர்த்தேன்.
தூங்கட்டும்.
தணிகாசலத்தின் நாளையை மட்டும்
அழிக்க மனம் வரவில்லை,
கீழே இன்றைய தேதியைப் போட்டேன்.